அடுப்பு மாறியது, கம்பி மாறவில்லை: இங்கிலாந்துச் சமையலறையின் கதை

இங்கிலாந்தில் சற்றுப் பழைய வீடு ஒன்றின் சமையலறைக்குள் நுழைந்தால் சுவரில் ஒரு பெரிய ஸ்விட்ச் கண்ணில் படும். மற்ற ஸ்விட்சுகளைவிட அது பெரியது. பல வீடுகளில் அதன் விசை சிவப்பு நிறத்தில் இருக்கும். பக்கத்திலேயே கெட்டிலுக்கு என்று ஒரு பிளக் பாயிண்ட். அதற்குக் கீழே நிற்பதோ கேஸ் அடுப்பு! கேஸ் அடுப்புக்கு இவ்வளவு பெரிய ஸ்விட்ச் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே.

விடை எளிது. ஒரு காலத்தில் அங்கே மின்சார அடுப்பு இருந்தது. அடுப்பை மாற்றியவர்கள் கம்பியை மாற்றவில்லை. ஆனால் அந்தக் கம்பி ஏன் அங்கே வந்தது, அதை அப்படியே விட்டால் என்ன ஆபத்து, மாற்றுவதென்றால் எப்படி மாற்ற வேண்டும் என்பதற்கெல்லாம் விடை தேடினால், அது இருநூறு ஆண்டு வரலாற்றில் போய் முடிகிறது.

எரிவாயு முந்திக்கொண்டது

லண்டன் தெருக்களுக்கு விளக்கேற்ற 1812ஆம் ஆண்டு ஒரு எரிவாயு நிறுவனம் அரச பட்டயம் பெற்றது. நிலக்கரியைக் காற்றுப்படாமல் சூடாக்கி எடுத்த வாயு அது. முதலில் அது வெளிச்சத்துக்குத்தான் பயன்பட்டது. சமையலுக்கும் பயன்படும் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் நார்தாம்ப்டன் நகரத்து ஜேம்ஸ் ஷார்ப். 1826ஆம் ஆண்டு தன் வீட்டிலேயே கேஸ் அடுப்பை வைத்துப் பார்த்தவர், பத்தாண்டு கழித்து அடுப்புத் தொழிற்சாலையே தொடங்கிவிட்டார். 1841இல் லண்டன் ரிஃபார்ம் கிளப்பின் சமையலறையில் புகழ்பெற்ற சமையல் வல்லுநர் அலெக்சிஸ் சோயர் கேஸ் அடுப்புகளில் சமைத்துக் காட்டினார்.

ஆனாலும் சாதாரண வீடுகளுக்குள் கேஸ் அடுப்பு நுழைய அந்த நூற்றாண்டின் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. எரிவாயு நிறுவனங்கள் அடுப்பை வாடகைக்குக் கொடுத்தன. காசு போட்டால் வாயு வரும் மீட்டர்களும் வந்தன. மாதக் கடைசியில் மொத்தமாகக் கட்ட முடியாத தொழிலாளர் குடும்பங்களும் அன்றாடம் ஒரு பென்னி போட்டுச் சமைக்க முடிந்தது. இப்படி இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது சமையலறை எரிவாயுவின் கைக்குள் வந்துவிட்டது எனலாம்.

மின்சாரம் வந்தபோது

மின்சாரமும் விளக்காகத்தான் வீட்டுக்குள் வந்தது. 1882ஆம் ஆண்டு, மின்விளக்கால் தீப்பிடிக்காமல் இருக்க வேண்டிய விதிகளைப் பிரிட்டனின் மின் பொறியாளர் சங்கம் வெளியிட்டது. இன்று பி.எஸ். 7671 என்ற பெயரில் இருக்கும் ஒயரிங் விதிகளின் முதல் பதிப்பு அதுதான். அந்த விதிகள் தொடங்கியதே தீ பற்றிய பயத்தில்தான் என்பது நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

1890களின் தொடக்கத்திலேயே கண்காட்சிகளில் மின்சார அடுப்புகளைக் காட்டினார்கள். வீட்டுக்கு வாங்கத்தான் ஆளில்லை. விலை அதிகம், ஊருக்கு ஊர் வோல்டேஜ் வேறு. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய மின்கட்டமைப்பு உருவாகி, 1930களில் இயங்கத் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. மின் நிறுவனங்களும் எரிவாயு நிறுவனங்களின் வழியைப் பிடித்துக்கொண்டு அடுப்பை வாடகைக்குக் கொடுத்தன.

அப்போது ஒரு சிக்கல் எழுந்தது. அன்றைய வீட்டு ஒயரிங் விளக்குகளை மனதில் வைத்துப் போடப்பட்டது. ஒரு பல்பு அரை ஆம்பியர்கூட இழுக்காது. முழு மின்சார அடுப்போ நாற்பது ஆம்பியர் வரை இழுக்கக் கூடியது. அந்த மெல்லிய கம்பியில் அடுப்பை இணைத்தால் கம்பியே அடுப்பாகிவிடும்! ஆகவே ஃபியூஸ் பெட்டியிலிருந்து நேராக அடுப்பு வரை, தடிமனான கம்பியில், தனி ஃபியூஸுடன் தனி லைன் இழுத்தார்கள். அதன் முனையில் வைத்ததுதான் அந்தப் பெரிய ஸ்விட்ச்.

1947இல் வந்த மாற்றம்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, போருக்குப் பின் கட்டப்போகும் வீடுகளுக்கு ஒயரிங் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. இருபது பேர் கொண்ட அந்தக் குழுவில் ஒரே பெண் கேரொலைன் ஹாஸ்லெட். மகளிர் மின்சாரச் சங்கத்தின் இயக்குநரான அவர், சிறு குழந்தைகள் தொட்டாலும் ஆபத்து நேராத வகையில் பிளக் பாயிண்ட் அமைய வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். குழுவின் அறிக்கை 1944இல் வந்தது. 1947இல் பி.எஸ். 1363 என்ற தரம் வெளியானது. செவ்வக முனைகள் மூன்று கொண்ட, உள்ளேயே ஃபியூஸ் உள்ள, 13 ஆம்பியர் பிரிட்டிஷ் பிளக் அப்படித்தான் பிறந்தது.

கூடவே வளைய லைன் என்ற முறையும் வந்தது. ஃபியூஸ் பெட்டியில் தொடங்கும் கம்பி எல்லா பிளக் பாயிண்டுகளையும் தொட்டுவிட்டு மறுபடி அதே பெட்டிக்கே திரும்பும். போரால் செம்பு தட்டுப்பாடாக இருந்த காலத்தில் கம்பி மிச்சமானது. இந்த முறையில் இரண்டு பாதுகாப்புகள் உண்டு. வளையத்தைக் காப்பது பெட்டியில் உள்ள 30 ஆம்பியர் ஃபியூஸ். ஒவ்வொரு சாதனத்தின் மெல்லிய வயரைக் காப்பது அதன் பிளக்குக்குள் உள்ள சிறிய ஃபியூஸ்.

அடுப்பு மட்டும் இந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை. அதன் சுமை வளையத்துக்குத் தாங்காது. எனவே தனி லைனே தொடர்ந்தது. அதில் பிளக்கும் இல்லை, பிளக்குக்குள் ஃபியூஸும் இல்லை. ஸ்விட்சிலிருந்து அடுப்புக்குப் போகும் கம்பியும் தடிமனானதே என்பதால் அன்று அது பிரச்சினையாகத் தெரியவில்லை. பிரச்சினை பின்னால்தான் வந்தது.

வடகடல் வாயு

1965ஆம் ஆண்டு வடகடலுக்கு அடியில் இயற்கை எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. 1967இல் அது குழாய் வழியே கரைக்கு வந்தது. பழைய நிலக்கரி வாயுவைவிட அதற்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வெப்பம் உண்டு. பழைய பர்னர்களில் அதை எரிக்க முடியாது. ஆகவே 1967 முதல் 1977 வரை பத்தாண்டு காலம் ஊழியர்கள் தெருத் தெருவாக, வீடு வீடாகச் சென்று எரிவாயு அடுப்பையும் ஹீட்டரையும் மாற்றியமைத்தார்கள். ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள், சுமார் நான்கு கோடி சாதனங்கள்! அமைதிக் காலத்தில் பிரிட்டனில் நடந்த மிகப்பெரிய பொறியியல் பணிகளில் ஒன்று அது.

புதிய வாயு மலிவாக இருந்தது. வீட்டைச் சூடாக்க கேஸ் பாய்லர்கள் வந்தன. குழாய்தான் வீட்டுக்குள் வந்துவிட்டதே, சமையலையும் அதிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று மின்சார அடுப்பை எடுத்துவிட்டு கேஸ் அடுப்பை வைத்தவர்கள் பலர். பழைய தனி லைன் சுவருக்குள் அப்படியே தங்கியது.

ரோனன் பாயிண்ட்: ஒரு நட்டின் விலை

இதே காலத்தில் எதிர்த்திசையில் திருப்பிய சம்பவம் ஒன்றும் நடந்தது. இன்று ஈழத் தமிழர்கள் பலர் வாழும் ஈஸ்ட் ஹாமை உள்ளடக்கிய நியூஹாம் பகுதியில், கேனிங் டவுனில், ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு கட்டப்பட்டது. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து அடுக்கிக் கட்டிய கட்டடம் அது. 1968 மார்ச்சில் மக்கள் குடியேறினர்.

1968 மே 16 அதிகாலை, ஆறு மணி ஆவதற்குக் கொஞ்சம் முன்பு. 18ஆம் மாடியில் குடியிருந்த ஒரு பெண்மணி தேநீர் போடுவதற்காகத் தீக்குச்சியைக் கிழித்தார். இரவில் கசிந்து சேர்ந்திருந்த வாயு வெடித்தது. வெளிச்சுவர்ப் பலகை பிய்த்துக்கொண்டு போனது. தாங்குவதற்குச் சுவர் இல்லாமல் மேலே இருந்த மாடிகள் விழுந்தன. அவற்றின் பாரத்தில் கீழே இருந்தவையும் சரிந்தன. கட்டடத்தின் ஒரு மூலை அடிவரை இல்லாமல் போனது. நால்வர் உயிரிழந்தனர், 17 பேர் காயமடைந்தனர். அந்த நேரத்தில் பெரும்பாலோர் சரியாத பக்கத்துப் படுக்கையறைகளில் இருந்ததால்தான் உயிரிழப்பு அத்தோடு நின்றது. தீக்குச்சி கிழித்த பெண்மணி உயிர் தப்பினார்.

விசாரணைக் குழு கண்டது என்ன? அடுப்பையும் எரிவாயுக் குழாயையும் இணைத்த பித்தளை நட்டு தரக் குறைவானது. அது உடைந்ததால் வாயு கசிந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு நட்டு!

இதன் விளைவுகள் பல. 1970இல் கட்டட விதிகள் திருத்தப்பட்டன. இதே முறையில் கட்டிய பல அடுக்குமாடிகளில் எரிவாயுவைத் துண்டித்து முழுக்க மின்சாரச் சமையலுக்கு மாற்றினார்கள். எரிவாயு வேலை செய்பவர்களைப் பதிவு செய்யும் கோர்கி அமைப்பு 1970இல் தோன்றியது. 1972இல் எரிவாயுப் பாதுகாப்பு விதிகள் வந்தன. 1991இல் பதிவு கட்டாயமானது. 2009 ஏப்ரல் முதல் கோர்கியின் இடத்தில் கேஸ் சேஃப் பதிவேடு இருக்கிறது. ரோனன் பாயிண்ட் கட்டடமே 1986இல் இடிக்கப்பட்டது.

இப்படி ஒரே பத்தாண்டில் சில வீடுகள் எரிவாயுவிலிருந்து மின்சாரத்துக்கும், சில வீடுகள் மின்சாரத்திலிருந்து எரிவாயுவுக்கும் போயின. குழாய் பற்றிய பயம் எல்லோருக்கும் வந்துவிட்டது. சுவருக்குள் இருந்த கம்பியைப் பற்றி யோசித்தவர்கள் குறைவு.

பெரிய ஃபியூஸ், சிறிய வயர்

ஃபியூஸ் அடுப்பைக் காப்பதற்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கம்பியைக் காப்பதற்கானது. கம்பி தாங்கும் அளவுக்கு மேல் மின்னோட்டம் போனால், கம்பி உருகும் முன் ஃபியூஸ் உருக வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

பழைய அடுப்பு லைனின் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். 10 கிலோவாட் அடுப்பு 240 வோல்ட்டில் சுமார் 42 ஆம்பியர் இழுக்கும். ஆனால் எல்லாத் தட்டுகளும் ஓவனும் ஒரே நேரத்தில் முழுச் சூட்டில் இருப்பது அபூர்வம். எனவே முதல் 10 ஆம்பியரை முழுதாகவும், மீதி 32இல் 30 சதவீதத்தையும், ஸ்விட்சில் பிளக் பாயிண்ட் இருந்தால் அதற்கு 5 ஆம்பியரையும் சேர்த்துக் கணக்கிடுவது வழக்கம். 10, 9.6, 5 எல்லாம் சேர்ந்து 25க்குள் அடங்கும். எனவே 30 ஆம்பியர் ஃபியூஸும், இன்றைய அளவில் சொன்னால் 6 சதுர மில்லிமீட்டர் கம்பியும் போதும்.

இப்போது அந்த இடத்தில் கேஸ் அடுப்பு. அதற்கும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். பொறி விட்டுப் பற்றவைக்க, ஓவனுக்குள் விளக்கு எரிய, சிலவற்றில் கடிகாரம் ஓட. எல்லாம் சேர்ந்தும் அரை ஆம்பியரைத் தாண்டுவது அரிது. அதற்கு வரும் வயர் மெல்லியது, 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் 6 ஆம்பியர்தான் தாங்கும்.

"பெரிய ஸ்விட்ச்தான் இருக்கிறதே" என்று அந்த மெல்லிய வயரை நேராக அதில் மாட்டிவிட்டால் என்ன ஆகும்? அன்றாடம் ஒன்றும் ஆகாது. அடுப்பு பற்றும், விளக்கு எரியும். அதுதான் ஆபத்தே! ஒருநாள் அடுப்பின் பின்புறச் சூட்டில் வயரின் உறை கெட்டு, உள்ளே கோளாறு ஏற்பட்டு 40 ஆம்பியர் பாய்ந்தால், பழைய கம்பி ஃபியூஸ் அசையாது. கம்பி கட்டும் பழைய வகை ஃபியூஸ், அதன் அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னோட்டத்தில்தான் உருகும். 30 ஆம்பியர் ஃபியூஸ் 60ஐ நெருங்கும்வரை பொறுத்திருக்கும். 6 ஆம்பியர் வயர் அதுவரை பொறுக்காது. அது எரியும் இடமோ எரிவாயுக் குழாய்க்குப் பக்கத்தில்!

மாற்றும் முறை

இதற்கான சரியான வழிகள் பிரிட்டனின் ஒயரிங் நடைமுறையில் நெடுநாளாக உண்டு.

முதல் வழி, புதிய அடுப்புக்குப் பிளக் இருந்தால் அதைச் சமையலறையின் சாதாரண பிளக் பாயிண்டில் மாட்டி, பிளக்குக்குள் 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுவது. பிளக் பாயிண்ட் அடுப்பின் சூடான பின்புறத்தில் இல்லாமல் பக்கத்து அலமாரியில் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும்.

இரண்டாம் வழி, பழைய லைனையே பயன்படுத்துவது. அந்தப் பெரிய ஸ்விட்சுக்கும் அடுப்புக்கும் நடுவே 3 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள சிறிய இணைப்புப் பெட்டியை வைத்தால் மெல்லிய வயருக்குக் காவல் கிடைத்துவிடுகிறது. மேலே கேஸ் பர்னரும் கீழே மின்சார ஓவனும் உள்ள கலப்பு அடுப்பு என்றால் கணக்கு வேறு. ஓவன் மட்டுமே 2 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும் என்பதால், அடுப்பின் தகட்டில் எழுதியுள்ள அளவைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாம் வழி, பழைய லைன் தேவையே இல்லை என்றால் அதை ஃபியூஸ் பெட்டியிலேயே கழற்றிவிடுவது. ஸ்விட்சை எடுத்துவிட்டு மேலே டேப் சுற்றி, டைல்ஸ் ஒட்டி மறைப்பது மிகவும் தவறான முறையாகும். மறுமுனையில் மின்சாரம் இருக்கும். பின்னொரு நாள் அலமாரி மாட்ட டிரில் போடுபவருக்கு அது தெரியாது. கம்பியைச் சுவருக்குள் விட்டாலும், இரு முனையிலும் துண்டித்து, முனைகளை இணைப்பானில் அடக்கி, மூடிப் பலகை போட்டு, இன்னதென்று எழுதி ஒட்ட வேண்டும்.

எந்த வழியானாலும் தொடக்கம் ஒன்றே. மெயினை அணைக்க வேண்டும், வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்ட வேண்டும், மின்சாரம் இல்லை என்பதைச் சோதிக்கும் கருவியால் உறுதி செய்ய வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் அந்தக் கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் முறை. பழைய வீடுகளில் சிவப்பும் கறுப்பும் நிறக் கம்பிகள் இருக்கும். 2006 ஏப்ரல் முதல் புதிய வேலைகளில் பழுப்பும் நீலமும் கட்டாயம். கறுப்பு என்பது பழைய முறையில் நியூட்ரல். புதிய முறையில் மூன்று ஃபேஸ் இணைப்பில் அதுவே மின்சாரம் உள்ள கம்பி. நிறத்தை நம்பிக் கை வைக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும். 1960களுக்கு முந்தைய ரப்பர் உறைக் கம்பியாக இருந்தால், தொட்டாலே உதிரும் என்பதால் முழுவதும் மாற்றிவிடுவதே நல்லது.

குழாயும் கம்பியும்

எரிவாயுக் குழாய் உலோகம். வீட்டில் எங்காவது மின்சாரம் உள்ள கம்பி அதைத் தொட்டுவிட்டால் குழாய் முழுவதிலும் மின்சாரம் ஏறும். அதனால்தான் குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தருகே, மீட்டரைத் தாண்டியதும், அதைத் தடித்த கம்பியால் வீட்டின் முதன்மை எர்த்துடன் இணைக்கிறார்கள். பச்சையும் மஞ்சளும் கலந்த, பொதுவாக 10 சதுர மில்லிமீட்டர் கம்பி அது. கம்பிக்கும் எரிவாயுக் குழாய்க்கும் இடையே குறைந்தது 25 மில்லிமீட்டரும், மீட்டர், ஃபியூஸ் பெட்டி போன்றவற்றுக்கும் குழாய்க்கும் இடையே 150 மில்லிமீட்டரும் இடைவெளி விடுவது நடைமுறை.

இதிலும் ஒரு பழைய பாடம் உண்டு. முன்பு பல வீடுகளில் தெருவிலிருந்து வரும் உலோகத் தண்ணீர்க் குழாயையே எர்த்தாக நம்பியிருந்தார்கள். பிளாஸ்டிக் குழாய்கள் வரத் தொடங்கியதும் அந்த நம்பிக்கை பொய்த்தது. தெருவில் குழாய் மாறினால் வீட்டின் எர்த் சத்தமில்லாமல் போய்விடும். 1966இல் வந்த ஒயரிங் விதிகளின் 14ஆம் பதிப்பு, புதிய வேலைகளில் அதை மட்டும் எர்த்தாகக் கொள்வதை நிறுத்தியது.

இரண்டு கைகள், இரண்டு சட்டங்கள்

பிரிட்டனில் கூலி வாங்கிக்கொண்டு எரிவாயு இணைப்பைச் செய்பவர் கேஸ் சேஃப் பதிவேட்டில் இருக்க வேண்டும். மின்சாரப் பக்கத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஜனவரி முதல் பகுதி பி என்ற கட்டட விதி உள்ளது. புதிய லைன் இழுத்தாலோ ஃபியூஸ் பெட்டியை மாற்றினாலோ, பதிவு பெற்ற மின்பணியாளர் செய்து சான்று தர வேண்டும், அல்லது உள்ளாட்சிக்கு அறிவிக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், அடுப்பு மாற்றும் வேலை இந்த இரண்டு பேருக்கும் நடுவில் விழுகிறது. எரிவாயு பணியாளர் குழாயை இணைத்து, கசிவு பார்த்து, அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போய்விடுவார். பழைய லைன் அவர் வேலை அல்ல. மின்பணியாளரையோ யாரும் கூப்பிடுவதே இல்லை; மாறியது கேஸ் அடுப்புக்குத்தானே! அந்த இடைவெளியில்தான் சுவரில் அந்தப் பெரிய ஸ்விட்ச் நின்றுகொண்டிருக்கிறது.

மறுபடியும் மின்சாரம்

இன்று காற்று மறுபடி திசை மாறியிருக்கிறது. புவி வெப்பமாதலைக் குறைக்க எரிவாயுவை விட்டு இண்டக்ஷன் அடுப்புக்குப் போகும் குடும்பங்கள் பெருகி வருகின்றன. 7 கிலோவாட் இண்டக்ஷன் அடுப்புக்கு 32 ஆம்பியர் தனி லைன் வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முன் கைவிட்ட அதே லைன்!

அன்று ஒழுங்காகத் துண்டித்து, மூடி, எழுதி வைத்துவிட்டுப் போன வீடுகளில் இன்று மின்பணியாளருக்கு எங்கே என்ன இருக்கிறது என்று தெரிகிறது. சோதித்துப் பார்த்து, நல்ல நிலையில் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். மறைத்து ஒட்டிவிட்டுப் போன வீடுகளில் முதலில் சுவரை உடைத்துத் தேட வேண்டியிருக்கிறது. அதுவும் பயந்து பயந்து.

ரோனன் பாயிண்டில் ஒரு மூலையைச் சாய்த்தது சின்ன நட்டு. அடுப்பு மாற்றும் வீட்டில் உயிர்களைக் காப்பதும் அதே அளவு சின்னப் பொருள்தான்: ஒரு 3 ஆம்பியர் ஃபியூஸ். அடுப்பை மாற்றும் நாளில் குழாயைப் பார்க்கும் கண், சுவரில் இருக்கும் அந்த ஸ்விட்சையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.